காணி உறுதியும் குடியுரிமை உறுதிமொழியும்

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை, ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில் மருமகள் சேலை உடுத்துக் கணினித் திரைக்கு முன்னால் நின்றார். பெருந்தொற்றுக் காலம் என்பதால் குடியுரிமை வழங்கும் நிகழ்வு திரையிலேயே நடந்தது. வலது கையை உயர்த்தி, சொல்லித்தரச் சொல்லித்தர, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் திருப்பிச் சொன்னார். எல்லாம் முடிந்து கேசரித் தட்டை நீட்டும்போது என்னிடம் கேட்டார்: "மாமா, முதற்குடி மக்களின்ர உடன்படிக்கை உரிமையளை ஏற்கிற சட்டத்துக்கு அமைஞ்சு நடப்பன் எண்டு கைதூக்கிச் சொல்லிப்போட்டன். அது என்ன உடன்படிக்கை? ஆர் ஆரோட செய்தது?"

நான் குடியுரிமை பெற்றது 1996இல். அன்று நான் சொன்ன உறுதிமொழியில் அரசியார் இருந்தார், அவருடைய வாரிசுகள் இருந்தார்கள், கனடாவின் சட்டங்கள் இருந்தன. இந்த மண்ணின் முதல் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முப்பது ஆண்டுகள் இங்கே வேலை செய்து, வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்த பின்னரும் மருமகளின் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கிய வாசிப்பிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

விடயத்தை எனக்குத் திறந்து காட்டியது எங்கள் வீட்டுச் சொல் ஒன்று. யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்போம். 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியபோது அம்மா ஒரு பொலித்தீன் பையில் மூன்று வகைப் பொருட்களைத்தான் எடுத்தார்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. உறுதி மட்டும் கடல் கடந்து வந்து இன்று அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டிய அந்தத் தாளில் காணியின் பரப்பும் நான்கு எல்லைகளும் எழுதியிருக்கின்றன. அவற்றின் கீழே ஒரு வரி: கிணற்றில் நாலில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும்.

உடன்படிக்கை என்பது முதற்குடி மக்களுக்கு அரசு கொடுத்த சலுகைச் சீட்டு என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் உண்டு. என் வாசிப்பு என்னை வேறோர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. முதற்குடிகள் அல்லாத எல்லோரும் இந்த நிலத்தில் இருப்பதற்கான உறுதிதான் அந்த உடன்படிக்கை. உறுதியின் பயனை அனுபவிக்கிறவர், அதில் எழுதிய கடமைக்கும் பொறுப்பு. இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

உடன்படிக்கைகளின் வகைகள்

1701க்கும் 1923க்கும் இடையில் செய்யப்பட்ட 70 வரலாற்று உடன்படிக்கைகளைக் கனடிய அரசு ஏற்றுக்கொள்கிறது. அவை ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

கிழக்குக் கரையில் மிக்மா முதலிய மக்களுடன் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை சமாதான, நட்பு உடன்படிக்கைகள். அவற்றில் நிலம் கைமாறவே இல்லை. போர் வேண்டாம், வாணிபம் செய்வோம் என்பதே அவற்றின் சாரம். அவை செத்த தாள்கள் அல்ல என்பதை டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மா மனிதரின் வழக்கு காட்டியது. அவர் 463 இறாத்தல் விலாங்கு மீனை 787 டொலர் 10 சதத்துக்கு விற்றதற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். 1760-61 உடன்படிக்கையின்படி மீன்பிடித்து விற்று மிதமான வாழ்வு நடத்த அவருக்கு உரிமை உண்டு என்று 1999 செப்டெம்பர் 17இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது ஒன்ராறியோவின் நிலக் கையளிப்பு உடன்படிக்கைகள். அதன் பின் 1871 முதல் 1921 வரை செய்யப்பட்ட 11 எண்ணிட்ட உடன்படிக்கைகள்; வடமேற்கு ஒன்ராறியோவிலிருந்து புல்வெளி மாகாணங்கள் வழியாக வடக்கே வரை பரந்த நிலம் இவற்றுக்கு உட்பட்டது. ஒதுக்கு நிலம், பள்ளி ஆசிரியர், உழவுக் கருவிகள், வேட்டை உரிமை, ஆளுக்கு ஆண்டுக்கு 5 டொலர் என்று வாக்குகள் கொடுக்கப்பட்டன. 1876இன் ஆறாம் உடன்படிக்கையில் மருந்துப் பெட்டி ஒன்று வைத்திருப்போம் என்ற வாக்கும் உண்டு. அம்மை நோயில் ஊர்களே அழிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மக்கள் என்ன நினைத்துப் பேச்சுக்கு வந்து அமர்ந்தார்கள் என்பதை அந்தப் பெட்டி சொல்லும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மிகப் பெரும் பகுதியில் உடன்படிக்கையே கிடையாது. வன்கூவர் மாநகரசபை, தன் நகரம் ஒருபோதும் கையளிக்கப்படாத நிலத்தில் இருப்பதாக 2014இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1975க்குப் பின் செய்யப்பட்ட நவீன உடன்படிக்கைகள் தனி வகை.

நாங்கள் கனடாவுக்கு வந்த கதையின் இரண்டு புகழ்பெற்ற கரைகளை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே மீட்கப்பட்டார்கள். அந்தத் தீவின் பழங்குடியான பியோதுக் மக்களுடன் யாரும் உடன்படிக்கை செய்யவில்லை. அவர்களில் கடைசியானவர் என்று கருதப்படும் ஷானாடிதித் என்ற பெண் 1829இல் காசநோயால் இறந்தார். 2010 ஓகஸ்டில் 492 தமிழர்களுடன் 'சன் சீ' கப்பல் சேர்ந்த இடம் வன்கூவர் தீவின் எஸ்குவைமால்ட். அது டக்ளஸ் உடன்படிக்கைகளின் நிலம். 1850இல் ஹட்சன் விரிகுடாக் கம்பனியின் தலைமை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் டக்ளஸ், தலைவர்களிடம் முதலில் வெற்றுத் தாளில் அடையாளம் வாங்கினார். அதற்கு மேலே எழுதவேண்டிய வாசகம் பின்னர்தான் இலண்டனிலிருந்து வந்தது. நம்மை ஏற்றுக்கொண்ட இரண்டு கரைகளில் ஒன்றுக்கு உறுதி இல்லை. மற்றதன் உறுதி வெற்றுத் தாளில் தொடங்கியது.

மணியும் மையும்

ஐரோப்பியர் மையால் எழுதினார்கள். ஹோடினோஷோனி, அனிஷினாபே மக்கள் 'வாம்பம்' என்னும் பட்டிகளைக் கோத்தார்கள். கடற்சிப்பி ஓட்டில் கடைந்த வெள்ளை, ஊதா மணிகளால் ஆனவை அவை. பட்டியைக் காப்பவர் சபை நடுவே அதைக் கையில் ஏந்தி, அதன் பொருளை ஓதிக் காட்டுவார். தலைமுறைக்குத் தலைமுறை அந்த ஓதல் தொடர்கிறது. அவர்களுக்கு அதுவே மூலப் பத்திரம்.

இரட்டை வரிசை வாம்பத்தில் வெள்ளைப் பின்புலத்தில் இரண்டு ஊதாக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. ஒன்று முதற்குடிகளின் ஓடம், மற்றது வந்தவர்களின் கப்பல். ஒரே ஆற்றில் பக்கம் பக்கமாகப் போகலாம். ஒருவர் மற்றவரின் சுக்கானில் கைவைக்கக் கூடாது. ஒல்லாந்தரோடு 1613இல் செய்த உடன்பாடு இது என்று ஹோடினோஷோனி மரபு சொல்கிறது.

பேரேரிகளைச் சுற்றிய நிலத்துக்கு அனிஷினாபே மக்களும் ஹோடினோஷோனி மக்களும் தமக்குள் செய்த உடன்பாடு 'ஒரு கரண்டியுடன் ஒரு கலம்'. நிலம் ஒரு கலம். அதிலிருந்து எல்லோரும் ஒரே கரண்டியால் எடுக்கலாம். தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. பின்னால் வருபவருக்கு மிச்சம் வைக்க வேண்டும். கலத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் கத்தி வைக்கக் கூடாது.

இதை வாசித்தபோது எங்கள் பங்குக் கிணறு கண்முன் வந்தது. நான்கு வீட்டுக்கு ஒரு கிணறு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. முறை தவறி இறைத்தால் ஊரே பேசும். கோடையில் நீர் வற்றும்போது நான்கு வீட்டாரும் சேர்ந்து கிணற்றை வற்ற இறைத்து, சேறு அள்ளி, துலாவைச் சரிபார்ப்பார்கள். பங்குக்காரர் காணியை விற்றால் வாங்கியவர் கயிற்றுக்கும் சேற்றுக்கும் பொறுப்பேற்பார். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அங்கே கேள்வியே அல்ல.

பிரித்தானிய முடியும் இந்த மொழியில் பேசிய காலம் ஒன்று இருந்தது. 1763 ஒக்டோபர் 7இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர், முதற்குடிகளின் நிலத்தை முடியைத் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாது, அதுவும் அவர்களுடைய பொதுச் சபையில் அவர்கள் இணங்கினால்தான் வாங்கலாம் என்று பிரகடனம் செய்தார். மறு ஆண்டு நயாகராவில் 24 இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2000 பேர் கூடினார்கள். முடியின் சார்பில் வில்லியம் ஜோன்சன் வாம்பப் பட்டிகளை வழங்கி உறவை உறுதி செய்தார். பிரகடனத்தை நயாகராவில் பேசிய வாக்குகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்கிறார் அனிஷினாபே சட்ட அறிஞர் ஜோன் பொறோஸ். மையில் எழுதியது பாதி. மணியில் கோத்தது மறுபாதி. பின்வந்த அரசுகள் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டன.

ரொறன்ரோவின் வெற்று உறுதி

நம்மவர் மிகுதியாக வாழும் நகரத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1787 செப்டெம்பரில் குயின்ரி விரிகுடாவில் பிரித்தானிய அதிகாரிகள், அனிஷினாபே இனத்தவரான மிசிசாகா மக்களின் தலைவர்களைச் சந்தித்தார்கள். துப்பாக்கித் தீக்கற்கள், பித்தளைக் கேத்தல்கள், கண்ணாடிகள், சரிகைத் தொப்பிகள், பூப்போட்ட கம்பளித் துணி, றம் என்று பொருட்கள் கைமாறின. ரொறன்ரோ நிலம் வாங்கப்பட்டதாக அரசு எழுதிக்கொண்டது. சில ஆண்டுகளின் பின் பத்திரத்தைத் தேடி எடுத்தபோது அதில் நிலத்தின் விவரம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குலக்குறிகள் வேறு துண்டுத் தாள்களில் வரைந்து அதனுடன் ஒட்டப்பட்டிருந்தன. பரப்பு இல்லை, எல்லை இல்லை. யாழ்ப்பாணத்து நொத்தாரிஸ் எவரும் அப்படியொரு தாளை உறுதி என்று பதிய மாட்டார்.

அரசுக்கே அது செல்லாது என்று தெரிந்தது. 1805 ஓகஸ்டில் புதிய பத்திரம் எழுதி ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். முன்னர் பேசிய தலைவர்கள் அப்போது உயிரோடு இல்லை. அந்தப் பத்திரத்தில் எழுதிய விலை 10 ஷில்லிங். மிசிசாகாக்கள் தமக்கென்று கேட்டு வைத்துக்கொண்டது எற்றோபிக்கோ ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை. அதுவும் நிலைக்கவில்லை. 1847இல் அவர்கள் கிரெடிற் ஆற்றங்கரையை விட்டுப் போனபோது, கிராண்ட் ஆற்றுப் பக்கத்தில் இடம் கொடுத்தவர்கள் ஆறு இனக் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்கள். 2010இல் கனடிய அரசு ரொறன்ரோ நிலத்துக்காக 145 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. நகரம் கைமாறி அப்போது 223 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஸ்காபரோ, பிக்கறிங், ஏஜாக்ஸ் ஆகியவற்றின் பெரும்பகுதி இன்னொரு கணக்கில் வருகிறது. 1788இன் உடன்பாட்டை மக்கள் 'துப்பாக்கி வெடி உடன்படிக்கை' என்று அழைத்தார்கள். ஏரிக்கரையில் சுட்டால் வெடிச்சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் என்பது அதன் எல்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதாகச் சொல்லி 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. ஏழு முதற்குடிச் சமூகங்கள் மொத்தம் ஐந்து லட்சம் டொலர் பெற்றன. ஒதுக்கு நிலத்துக்கு வெளியே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தமக்கிருந்த உரிமையை அதோடு இழந்ததாக அவர்கள் பின்னர் அறிந்தார்கள். 1994இல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. 2018இல்தான் 1.1 பில்லியன் டொலர் இழப்பீட்டோடு அந்த உரிமை மீள ஏற்கப்பட்டு, அரசுகள் மன்னிப்புக் கேட்டன. தம் பாட்டன்மார் மீன்பிடித்த ஆற்றில் மீன்பிடித்ததற்காக மூன்று தலைமுறை தண்டனைக்கு அஞ்சி வாழ்ந்தது.

ஸ்காபரோவில், லோறன்ஸ் அவெனியூவுக்கும் பெலமி வீதிக்கும் அருகே, வீடுகளின் நடுவில் ஒரு புல் மேடு இருக்கிறது. பெயர் டேபர் ஹில். 1956இல் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் வெண்டாட் மக்கள் தம் இறந்தோரை ஒன்றாக அடக்கிய இடம் அது. ஏறத்தாழ 500 பேர் அங்கே துயில்கிறார்கள். பல ஆண்டுகள் அந்தப் பக்கமாக பஸ்ஸில் வேலைக்குப் போயிருக்கிறேன். சென்ற புரட்டாதியில் மருமகளோடும் பேரனோடும் முதன்முறையாக ஏறினேன். மேலே ஒரு பாறை, அதில் ஒரு பலகை, சுற்றிலும் கூரைகள். பேரன் சப்பாத்தைக் கழற்றினான். கோயிலில் செய்வது போலச் செய்கிறான் என்று நினைத்தேன். "ஆக்கள் படுத்திருக்கிற இடம் எண்டு அம்மா சொன்னவ" என்றான்.

காப்பாற்றப்படாத வாக்குகள்

கொடுத்த வாக்குகள் என்னவாயின? சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1850இல் ஹியூறன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரை நிலத்துக்காக றொபின்சன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. நிலத்தின் வருமானம் கூடினால், அரசுக்கு நட்டம் வராதவரை, ஆண்டுக் கொடுப்பனவும் கூடும் என்ற வாசகம் அவற்றில் இருக்கிறது. 1875இல் அது ஆளுக்கு 4 டொலர் ஆனது. அந்த நிலத்திலிருந்து மரமும் நிக்கலும் பொன்னும் போய்க்கொண்டேயிருந்தன. 4 டொலர் மட்டும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் அசையவில்லை. 2023இல் ஹியூறன் தரப்புக்கு 10 பில்லியன் டொலர் தீர்வு எட்டப்பட்டது. 2024 யூலை 26இல் உச்சநீதிமன்றம், முடி தன் வாக்கை மானமின்றி மீறியது என்று தீர்ப்பளித்தது.

ஏன் முன்னரே வழக்குப் போடவில்லை என்று கேட்போர் உண்டு. முதற்குடிகளைக் கட்டுப்படுத்திய 'இந்தியர் சட்டம்' என்பதில் 1927இல் சேர்த்த ஒரு பிரிவு, அரசின் அனுமதியின்றி நில வழக்குக்குப் பணம் திரட்டுவதைக் குற்றமாக்கியது. 1951 வரை அது நடைமுறையில் இருந்தது. சட்டத்தரணியை அமர்த்த வழியை அடைத்துவிட்டு, நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது என்றார்கள்.

உடன்படிக்கைகளில் முதற்குடிகள் கேட்ட பள்ளிக்கூடம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மொழியைப் பறிக்கும் உறைவிடப் பள்ளியாக வந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகள் அவற்றில் அடைக்கப்பட்டதாக நீதிபதி மறி சின்க்ளேயர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் பதிவு செய்தது.

வின்னிபெக் நகரம் 1919 முதல் 150 கிலோமீற்றருக்கும் அப்பாலிருக்கும் ஷோல் ஏரியின் தண்ணீரைக் குழாயில் எடுத்துக் குடிக்கிறது. அந்த வேலைக்காக வெட்டிய கால்வாயால் ஷோல் ஏரி 40 என்ற முதற்குடிச் சமூகம் தீவாக ஒதுங்கிப்போனது. 1997 முதல் 2021 வரை, 24 ஆண்டுகள், அந்த மக்கள் தம் குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையின் கீழ் வாழ்ந்தார்கள். அதே ஏரிதான். கிணறு அவர்களுடையது, நல்ல தண்ணீர் நகரத்துக்குப் போனது.

எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது ஸ்ரோனி பொயின்ற். 1827 உடன்படிக்கையில் அனிஷினாபே மக்களுக்கென்று ஒதுக்கிய அந்த நிலத்தை, 1942இல் போர்க்கால அவசரச் சட்டத்தின் கீழ் இராணுவ முகாமுக்கு எடுத்தார்கள். போர் முடிந்ததும் தருவதாகச் சொன்னார்கள். போர் 1945இல் முடிந்தது, முகாம் போகவில்லை. 1995 செப்டெம்பர் 6இல், அருகிலிருந்த இப்பர்வாஷ் பூங்காவில் நிலத்துக்காகப் போராடிய ஆயுதமற்ற டட்லி ஜோர்ஜ் மாகாணப் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். உயர் பாதுகாப்பு வலயத்து முள்வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டுப் பனைமரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம்.

வந்தவர் எங்கே நிற்கிறார்

"இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்தது. நாங்களே அகதியாய் வந்தவர்கள். எங்களுக்கு என்ன பங்கு?" என் நண்பர்கள் பலரின் கேள்வி இது. நியாயமான கேள்வி. அறிஞர்களிடையேயும் விவாதம் உண்டு. மிக்மா வம்சத்தவரான பொனிற்றா லோறன்ஸும் தெற்காசியரான எனாக்‌ஷி துவாவும் 2005இல் எழுதிய கட்டுரையில், வெள்ளையரல்லாத குடிவரவாளரும் பறிக்கப்பட்ட நிலத்திலேயே வாழ்கிறார்கள், இனவெறிக்கு எதிரான அவர்களின் இயக்கங்கள் இதைக் காணத் தவறுகின்றன என்றார்கள். சில ஆண்டுகளில் நந்திதா ஷர்மாவும் சிந்தியா ரைற்றும் மறுத்தார்கள்: இடம்பெயர்ந்து வந்த எல்லோரையும் காலனியரோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு, பலர் அதே பேரரசுகளால் துரத்தப்பட்டு வந்தவர்கள்.

இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. 'குடியேற்றம்' என்ற சொல் ஈழத்தமிழருக்கு வெறும் அகராதிச் சொல் அல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதல் அரச குடியேற்றங்கள் கிழக்கின் முகத்தை மாற்றியதைக் கண்டவர்கள் நாங்கள். திட்டம் தீட்டிய அரசையும், நிலமில்லாமல் அங்கே கொண்டுவரப்பட்ட ஏழை விவசாயியையும் நாங்கள் ஒன்றாக எண்ணவில்லை. ஆனால் தான் உழும் நிலம் யாருடையது என்ற கேள்வி அந்த விவசாயிக்குச் சம்பந்தமில்லாதது என்றும் நாங்கள் சொன்னதில்லை. அவரிடம் நாங்கள் எதிர்பார்த்த நேர்மையை இன்று எங்களிடமே எதிர்பார்க்க வேண்டும்.

கிழிந்த ஒப்பந்தத்தின் வலியும் எங்களுக்குத் தெரியும். பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் குடியேற்றத் திட்டங்களின் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குக் கொடுப்பதாக இருந்தது. அது கைச்சாத்தானது 1957 யூலை 26. மறு ஆண்டே கைவிடப்பட்டது. மேலே சொன்ன றொபின்சன் தீர்ப்பும் ஒரு யூலை 26இல்தான் வந்தது. தற்செயல்தான்; ஆனாலும் அந்தத் திகதியை நான் மறக்கமாட்டேன். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களையும் இங்கே நினைக்கிறேன். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள். எங்கள் உரிமைப் பேச்சுகளில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம்? நீதி கேட்டவர்கள் என்பதனாலேயே நாம் நீதியாளர் ஆகிவிடுவதில்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. 1787இன் வெற்று உறுதிக்கு நான் குற்றவாளி அல்ல. என் வீட்டின் பெறுமதியும், பேரன் படிக்கும் பள்ளியும், குழாயில் வரும் நீரும் அந்த உறுதியின் மேலேதான் நிற்கின்றன. ஆகவே அதற்கு நான் பொறுப்பாளி. பங்குக் கிணற்றுக் காணியை வாங்கியவர், "கிணறு வெட்டியபோது நான் பிறக்கவில்லை" என்று சொல்லிச் சேறள்ள மறுக்க முடியாது.

ஆறாம் உடன்படிக்கை நிலத்தின் கிறீ சட்டத்தரணி ஹறோல்ட் ஜோன்சன் 2007இல் எழுதிய 'இரண்டு குடும்பங்கள்' என்ற நூலில், வந்தவர்களை ஒன்றுவிட்ட உறவினர் என்று விளிக்கிறார். உடன்படிக்கை தம் மக்களைப் பொறுத்தவரை விற்பனை அல்ல, உறவாக ஏற்றுக்கொண்ட சடங்கு. இங்கே வாழும் உரிமை உங்களுக்கு அதனால்தான் வந்தது என்பது அவர் வாதம். எந்த அகதிச் சபையும் எனக்கு இப்படியொரு வரவேற்புச் சொன்னதில்லை. உறவு என்று ஏற்றவர் வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிட முடியாது. நல்லது கெட்டதுக்கு நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் புதிதாக வருபவர்களைப் பற்றியவை. 93ஆவது, குடியுரிமைத் தேர்வுக் கையேட்டில் உடன்படிக்கைகளும் உறைவிடப் பள்ளிகளும் முழுமையாக இடம்பெற வேண்டும் என்றது. 94ஆவது, உறுதிமொழியை மாற்றச் சொன்னது. 2021 யூன் 21இல் உறுதிமொழி சட்டப்படி மாறியது. கையேடு அதனோடு சேர்ந்து மாறவில்லை. மருமகள் படித்த புத்தகத்தில் விளக்கம் போதாத ஒன்றை அவர் கைதூக்கி ஏற்றார். கையேட்டை மாற்றும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்பது நம் முதல் வேலை. தேர்தல் காலத்தில் நம் மண்டபங்களுக்கு வரும் வேட்பாளரிடம் வீசா, வரி பற்றி மட்டும் கேட்காமல், முதற்குடிச் சமூகங்களின் குடிநீர் பற்றியும் நிலுவையில் உள்ள நில வழக்குகள் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு வாக்குத் தொகுதி கேட்கிறது என்றால் அவர்கள் கவனிப்பார்கள்.

நம் விழாக்களில் மங்கல விளக்கு, கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம் ஆகியவற்றோடு நில ஏற்பும் இப்போது வாசிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேகமாக. அதைத் தமிழில் எழுதுவோம். எந்த உடன்படிக்கை, எந்த ஆண்டு, எந்த வாக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று இரண்டு வரி சேர்ப்போம். தை மாதத்தை மரபுத் திங்களாக இந்த நாடு நமக்குத் தந்தது. யூன் முதற்குடிகளின் வரலாற்று மாதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் அந்த மாதத்தில் ஒரு பாடம் நடத்தலாம். வன்கூவர் மாநகரசபை 2014இல் புதிதாய் வருவோருக்கென முதற்குடிகள் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. அதுபோன்ற ஒன்றைத் தமிழில், முதற்குடிகளோடு கலந்து பேசி ஆக்கக்கூடிய எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள்.

முதற்குடிகளின் நிலப் போராட்டம் செய்தியில் வரும்போது, "வீதியை மறிக்கிறார்கள்" என்று சலிப்பதற்கு முன் என்ன வாக்கு மீறப்பட்டது என்று விசாரிப்போம். 2009இல் ரொறன்ரோவின் நெடுஞ்சாலையை மறித்து நின்ற மக்கள் நாம். ஈழத்துப் போரில் நம் சனம் செத்துக்கொண்டிருந்தபோது வாகனத்தில் இருந்தவர்கள் நம்மை என்ன கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினோமோ, அந்தக் கண்ணால் அவர்களைப் பார்ப்போம்.

அம்மாவின் காணி உறுதியில் நாலில் ஒரு பங்கு என்று எழுதிய கிணற்றை நான் மறுபடி இறைப்பேனோ தெரியாது. இங்கே எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதற்குரிய சேறும் கயிறும் என் பொறுப்பு. வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீடு எந்த உடன்படிக்கையின் நிலத்தில் நிற்கிறது என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். அதன் பெயரையும், அதில் கையொப்பமிட்ட மக்களின் பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.